அவிட்டத்தில் நின்ற கையெழுத்து

போன வருடம் கார்த்திகை மாதம், பெரம்பலூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் இரண்டாவது மாடியில் நடந்தது இது. ஐசியூவுக்குள் என் அப்பா. வெளியே நீளமான ஹாலில் நான், என் பெரியப்பா, என் அத்தை. அப்பா இப்போது இல்லை. மூன்று மாதம் ஆகிறது. ஆனால் இது அவர் இறந்த கதை இல்லை. அவர் இறப்பார் என்று ஆளாளுக்கு நாள் குறித்த கதை. நான் எட்டாவதோடு நின்றவள், எழுதிப் பழக்கமில்லை. தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்களுக்கு ஆண்டிமடம் பக்கம். அம்மா நான் ஐந்தாவது படிக்கும்போதே போய்விட்டார். அப்பாவும் நானும்தான். அப்பாவும் பெரியப்பாவும் ஒரே வீட்டை நடுவில் சுவர் வைத்துப் பிரித்துக்கொண்டவர்கள். வாசல் மட்டும் ஒன்று.

அன்றைக்கு அப்பா மொபட்டில் இரண்டு உர மூட்டையை வைத்துக்கொண்டு வந்தார். குறுக்கே வந்த மாட்டுக்கு ஒதுங்கப் போய் வாய்க்காலில் விழுந்தார். மாட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. அப்பாவுக்கு விலா எலும்பு நான்கு உடைந்து, நுரையீரலில் குத்தி, மூச்சு விட முடியவில்லை. அரியலூரில் பார்த்துவிட்டு உடனே பெரம்பலூருக்கு அனுப்பினார்கள். வாயில் குழாய் வைத்து மிஷினில் போட்டுவிட்டார்கள்.

காலையில் பத்து நிமிடம், சாயங்காலம் பத்து நிமிடம், ஒரே ஒரு ஆள் உள்ளே போய்ப் பார்க்கலாம். பச்சைக் கவுன், தொப்பி, முகக்கவசம் எல்லாம் போட்டு, கையைக் கழுவிக் காட்ட வேண்டும். அங்கேதான் எனக்கு வந்தது வினை. நான் முந்திரிக் கொட்டை உடைக்கும் வேலைக்குப் போகிறவள். கொட்டைத் தோட்டில் ஒரு எண்ணெய் இருக்கிறது. பட்ட இடம் வெந்து கறுத்துவிடும். எந்த சோப்புக்கும் போகாது.

முதல் நாள் நர்ஸ் அக்கா என் கையைப் பார்த்துவிட்டு, "போய்க் கழுவிட்டு வாம்மா" என்றார். கழுவிவிட்டு வந்தேன். "நல்லாக் கழுவு." மறுபடியும் போனேன். நான்காவது தடவை வந்தபோது பார்க்கும் நேரமே முடிந்துவிட்டது. "அக்கா, இது அழுக்கு இல்லக்கா, என் கையே இதான்" என்று அழுதேன். அவர் என் விரலைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு ஒரு ஜோடி கையுறையை எடுத்துக் கொடுத்து, அஞ்சு நிமிடம் கூடுதலாக உள்ளே விட்டார். அதிலிருந்து எனக்குத் தினமும் கையுறை உண்டு. பெரியப்பாவுக்கு அதில் கொஞ்சம் பொறாமை.

ஆறாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, அப்பாவுக்குக் காய்ச்சல் ஏறியது. டாக்டரம்மா எங்களைக் கூப்பிட்டார். சின்ன வயசு. கண்ணுக்குக் கீழே கறுத்து, தூங்கி நாலு நாள் ஆனவர் மாதிரி இருந்தார்.

"நெஞ்சுல நிமோனியா புடிச்சிருக்கு. இது ஆஸ்பத்திரியில இருக்கற கிருமி. மிஷின்ல இருக்கறவங்களுக்குச் சில நேரம் வந்துரும். இப்பக் குடுக்கற மருந்து எதுவும் அதுக்குக் கேக்கல. சளி எடுத்து அனுப்பியிருக்கோம். எந்த மருந்து கேக்கும்னு தெரிய மூணு நாளாகும்."

பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டார். "என்னாங்கம்மா இது நாயம்? எல்லாரும் நோயோட வந்து அத இங்க வுட்டுட்டுப் போறாங்க. எந்தம்பி எலும்பு ஒடஞ்சுல்ல வந்தான்? அவனுக்கு நீங்க நோயக் குடுத்துருக்கீங்களே."

டாக்டரம்மா கோபப்படவில்லை. "நியாயமான கேள்விதாங்கய்யா" என்றார். அதற்குமேல் பெரியப்பாவுக்குச் சண்டை போட வழியில்லை.

"சரி, பொழைப்பானா மாட்டானா? அதச் சொல்லுங்க."

அவர் ஒரு தாளைக் காட்டினார். வயது, ரத்த அழுத்தம், கிட்னி, ஆக்ஸிஜன் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் போட்டுக் கீழே கூட்டியிருந்தது. "இந்தக் கூட்டல் நெறையப் பேர ஒண்ணாச் சேத்துப் பாத்தா ஓரளவு சரியாச் சொல்லும். உங்க தம்பி ஒருத்தருக்குன்னு சொல்லாது. இப்ப நெலம நல்லா இல்ல. ஆனா முடிஞ்சிருச்சுன்னும் நான் சொல்ல மாட்டேன். மூணு நாள் குடுங்க."

வெளியே வந்ததும் பெரியப்பா, "இம்புட்டுப் படிச்சிருக்குது, வெட்டு ஒண்ணு துண்டு ரெண்டுன்னு ஒரு வார்த்த சொல்ல வரல பாரு" என்றார்.

டாக்டரம்மா சொல்லாததைச் சொல்ல ஹாலில் நிறையப் பேர் இருந்தார்கள். குரும்பலூர்க்கார அண்ணன் ஒருவர், அவருடைய அம்மா உள்ளே இருந்தார். அந்த அண்ணன் மருந்துச் சீட்டை வைத்துக் குறி சொல்லுவார். சீட்டு நீளமாக வந்தால் பிழைப்பார்கள், குட்டையாக வந்தால் இழுபறி, சீட்டே வராவிட்டால் சொந்தக்காரர்களுக்குப் போன் போட வேண்டியது. அத்தைக்கு வேறு வழி. அத்தை அப்பாவுக்கு அக்கா, விக்கிரமங்கலத்தில் கொடுத்திருக்கிறது. பல்லி எந்தப் பக்கம் சத்தம் போடுகிறது என்று கேட்பது அவர் பழக்கம். ஏசி ஹாலில் பல்லி ஏது? மூன்று நாள் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு, "இது என்னாடி, ஒரு நல்லது கெட்டது தெரிஞ்சிக்க முடியாத எடமா இருக்குது" என்று அலுத்துக்கொண்டார்.

பிறகு அத்தையே ஒரு முடிவுக்கு வந்தார். அப்பாவுக்கு ஏதோ ஆசை பாக்கி, அதுதான் உயிரைப் பிடித்து இழுக்கிறது என்று. எங்கள் பக்கம் அப்படி இழுத்துக்கொண்டு கிடப்பவர்களுக்குப் பால் ஊற்றுவார்கள், நகையை உரசிய தண்ணீர் ஊற்றுவார்கள், சொந்த நிலத்து மண்ணைக் கரைத்து ஊற்றுவார்கள். ஆசை அடங்கி நிம்மதியாகப் போய்விடுவார்களாம்.

"அவனுக்கு மண்ணாசதான்" என்றார் அத்தை.

"அவனுக்குப் புரோட்டா ஆச. மண்ணாச எங்க இருக்குது?" என்றார் பெரியப்பா. "காலு ஏக்கரு முந்திரிக்காடு, அதுலயும் பாதி என்னுது."

"பாத்தியா, நீ இப்பிடிச் சொல்றதாலதான் அவன் போவ மாட்டங்கறான்."

அன்று சாயங்காலம் உள்ளே போகும் முறை அத்தைக்கு. போன இரண்டாவது நிமிடம் உள்ளே ஒரே சத்தம். நர்ஸ் அக்கா கதவைத் திறந்துகொண்டு வந்தார். கையில் ஒரு தண்ணீர் பாட்டில். உள்ளே செக்கச்செவேல் என்று எதுவோ. பின்னாலேயே பச்சைக் கவுனில் அத்தை.

"இது என்ன சாம்பிள்? யாரு எடுத்தது? பேரு ஒட்டல, நேரம் எழுதல. லேபுக்கு எப்பிடி அனுப்பறது?"

"அது சாம்பிள் இல்லீங்கம்மா, மண்ணு" என்றார் அத்தை.

"மண்ணா?"

"அவன் மண்ணுதாங்க. காட்டுலேருந்து ஆள வுட்டு எடுத்தாரச் சொல்லிக் கரச்சாந்தேன். ரெண்டு சொட்டு நாக்குல வச்சாப் போதும்."

நர்ஸ் அக்கா பாட்டிலையும் அத்தையையும் மாறி மாறிப் பார்த்தார். "ஏங்க, இருக்கற கிருமிக்கே மருந்து கெடைக்கல. நீங்க ஊர்லேருந்து வேற கொண்டாந்துருக்கீங்களா?" பாட்டில் குப்பைக்குப் போனது. அத்தைக்கு உள்ளே போகும் உரிமையும் அதோடு போனது. ஹாலில் எல்லாரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். ஆறு நாளில் அதுதான் முதல் சிரிப்பு. சிரித்த வாய் மூடுவதற்குள் அழுகை வந்துவிட்டது.

மறுநாள் திங்கட்கிழமை காலையில் பெரியப்பா முடிவாகச் சொன்னார். "இவங்க மூணு நாளு நாலு நாளும்பாங்க. கடேசீல பொணமாக் குடுப்பாங்க. விபத்துக் கேசு, அறுக்காம வுட மாட்டாங்க. எந்தம்பிய அறுக்கக் கூடாது. வூட்டுக்குத் தூக்கிட்டுப் போயிருவோம். சொந்த வாசல்ல போவட்டும்."

மிஷினை விட்டு எடுத்தால் எங்கள் ஊர் போய்ச் சேருகிற வரைக்கும்கூடத் தாங்குவாரா என்பது சந்தேகம் என்று டாக்டரம்மா சொன்னார். மூன்று நாளைப் பற்றி மறுபடியும் கெஞ்சினார். பெரியப்பா இறங்கி வரவில்லை. அவர் கெட்டவர் இல்லை. தம்பியை அறுக்கக் கூடாது என்பது மட்டும்தான் அவர் மனதில் இருந்தது.

நானும் ஒன்று சொல்லிவிடுகிறேன். அன்று காலை உள்ளே போய்ப் பார்த்தபோது அப்பாவுக்கு உடம்பெல்லாம் வீங்கி, நெஞ்சு மட்டும் மிஷின் தூக்கித் தூக்கிப் போட்டது. அவர் அப்பா மாதிரியே இல்லை. எப்படியோ முடிந்தால் போதும் என்று எனக்கும் தோன்றிவிட்டது. அதனால் நான் பெரியப்பாவைத் தடுக்கவில்லை.

எங்கள் விருப்பத்தில் கூட்டிப் போகிறோம் என்று ஒரு தாள் கொடுத்தார்கள். மகள் என்பதால் நான்தான் கையெழுத்துப் போட வேண்டும். என் பெயரில் நான்கு எழுத்து. நான் ஒரு எழுத்து எழுதி, அடுத்த எழுத்தை மனதில் நினைத்து, பிறகுதான் எழுதுவேன். நினைக்கும்போது தலையைத் தூக்கிக்கொள்வது என் பழக்கம். பள்ளிக்கூடத்தில் இதற்காகவே நிறைய அடி வாங்கியிருக்கிறேன். முதல் எழுத்து எழுதினேன். இரண்டாவது எழுதினேன். மூன்றாவதுக்குத் தலையைத் தூக்கினேன். கவுண்டருக்குப் பின்னால் சுவரில் ஒரு தினசரிக் காலண்டர் தொங்கியது. தேதிக்குக் கீழே, ராகுகாலத்துக்கு மேலே, நட்சத்திரம்: அவிட்டம்.

எங்கள் பக்கம் அடைப்பு என்று ஒன்று உண்டு. அவிட்டத்திலிருந்து ரேவதி வரை ஐந்து நட்சத்திரம். அந்த ஐந்து நாளில் யாராவது வீட்டில் உயிரை விட்டால், வீட்டை ஆறு மாதம் அடைத்துப் போட்டுவிட வேண்டும். விளக்கேற்றக் கூடாது, நல்லது கெட்டது எதுவும் நடத்தக் கூடாது. எங்கள் தெருவிலேயே ஒரு குடும்பம் நல்ல காரை வீட்டைப் பூட்டிவிட்டு ஆறு மாதம் ஆட்டுக் கொட்டகையில் குடியிருந்தது. எங்கள் வீட்டுக்கு வாசல் ஒன்றுதான் என்று முன்பே சொன்னேன். பெரியப்பா மகனுக்குத் தை மாதம் கல்யாணம். அந்த வாசலில் பந்தல் போட ஆள்கூடச் சொல்லியாகிவிட்டது.

நான் பேனாவை வைத்துவிட்டேன். "பெரியப்பா, இன்னிக்கு அவிட்டம்."

பெரியப்பா முதலில் காதில் வாங்கவில்லை. பிறகு காலண்டரைப் பார்த்தார். எழுத்து தெரியாதவர்போல் கிட்டே போய்ப் பார்த்தார். அத்தை மார்பில் கை வைத்துக்கொண்டு, "அய்யய்யோ, அடப்பு! ஆறு மாசம்!" என்றார்.

"நாளைக்கு?" என்றார் பெரியப்பா.

"சதயம்."

"அதுக்கு மறுநாளு?"

"வெள்ளிக்கிழம முடிய இருக்குது பெரியப்பா."

பெரியப்பா நேராக டாக்டரம்மாவிடம் போனார். நானும் பின்னால் ஓடினேன். "அம்மா, எந்தம்பிய வெள்ளிக்கிழம முடியிற வரைக்கும் எப்பிடியாச்சும் புடிச்சு வைக்கணும். இங்கயே இருக்கட்டும். நாங்க கூட்டிட்டுப் போவல."

டாக்டரம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "நான் மூணு நாள் கேட்டேன், குடுக்க மாட்டேன்னீங்க. இப்ப நீங்களே அஞ்சு நாள் சொல்றீங்க?"

"அது குடும்ப விசயங்கம்மா."

"அய்யா, உசுருக்கு நான் உறுதி குடுக்க முடியாது. வைத்தியம் பாக்கறேன், அவ்ளோதான்."

"பாருங்க. ஒருவேள போயிட்டாலும் இங்கயே போவட்டும். அறுத்தா அறுத்துட்டுப் போங்க."

காலையில் அறுக்கக் கூடாது என்று பிடிவாதம் பிடித்த அதே மனிதர்! டாக்டரம்மா என்னைப் பார்த்தார். நான் சாயங்காலம் அவரைத் தனியாகப் பார்த்து விஷயத்தைச் சொன்னேன். அவர் கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார். மறுநாளிலிருந்து என்னைப் பார்த்தால், "இன்னிக்கு என்ன, சதயமா?" என்று கேட்க ஆரம்பித்தார்.

புதன்கிழமை, பூரட்டாதி அன்று ரிப்போர்ட் வந்தது. ஒரு பக்கம் நிறைய மருந்துப் பெயர்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே, கேட்காது, கேட்காது என்று வரிசையாக. அடியில் ஒன்றே ஒன்று கேட்கும் என்று இருந்தது.

பெரியப்பா தாளைப் பார்த்துத் தலையாட்டினார். "யாரு சொன்னாலும் கேக்காது. நம்ம வம்சத்துலதான் பொறந்திருக்கும் போல இந்தக் கிருமி."

அந்த ஒரு மருந்து கிட்னியைக் கெடுக்கவும் செய்யுமாம். வேறு வழியில்லை என்று போட்டார்கள். நான் உள்ளே போகும்போதெல்லாம் மூத்திரப் பையைத்தான் முதலில் பார்ப்பேன். அதில் கொஞ்சம் ஏறியிருந்தால் அன்றைக்குச் சாப்பாடு இறங்கும். உத்திரட்டாதி அன்று காய்ச்சல் கொஞ்சம் விட்டது, சாயங்காலம் மறுபடியும் ஏறியது. டாக்டரம்மாவின் கூட்டல் எண்ணும் ஒருநாள் நல்லதாகத் தெரிந்தால் மறுநாள் பயமுறுத்தியது. ரேவதி அன்று பெரியப்பா ஊருக்குப் போனார். எதற்கு என்று கேட்டதற்கு, "ஏற்பாடு பாக்க வேணாமா?" என்றார்.

சனிக்கிழமை காலை ஒரு வேன் வந்து நின்றது. நட்சத்திரம் முடிந்தது, தூக்கிக்கொண்டு போகலாம் என்று பெரியப்பா பத்துப் பன்னிரண்டு பேரோடு வந்திருந்தார். கடைசியாக இறங்கியவர் கையில் ஒரு வெடக்கோழி. சனிக்கிழமை இறந்தவர் துணைக்கு இன்னொரு ஆளைக் கூட்டிக்கொண்டு போய்விடுவார் என்பார்கள். அதற்குப் பதிலாகப் பாடையில் ஒரு கோழியைக் கட்டிவிடுவது வழக்கம். கிழமையையும் மறக்காமல் பார்த்திருக்கிறார் பெரியப்பா.

"கோழியெல்லாம் உள்ள வரக் கூடாதுங்க" என்றார் ஹால் வாசலில் நின்ற செக்யூரிட்டி.

"அது பார்வையாளர் இல்ல தம்பி, துணைக்குப் போறது" என்றார் பெரியப்பா.

அப்போது டாக்டரம்மாவே வெளியே வந்தார். முகம் வேறு மாதிரி இருந்தது. நான் ஓடிப்போய் அவர் முன்னால் நின்றேன்.

"காய்ச்சல் ராத்திரியிலேருந்து இல்ல. கிட்னி தாங்கிருச்சு. கூப்பிட்டாக் கண்ணத் தெறந்து பாக்கறாரு. இப்பிடியே இருந்தா நாளைக்குக் குழாய எடுத்துப் பாக்கலாம்."

 முதலில் கோழிதான் கொக்கரித்தது.

பெரியப்பா வாசலைத் திரும்பிப் பார்த்தார். "அப்ப... வேனுக்காரன்கிட்ட என்னா சொல்றது?" என்று கேட்டுவிட்டு, துண்டை வாயில் வைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்து அழுதார். அவர் அப்படி அழுது நான் பார்த்ததே இல்லை. தூக்கிப் போக வந்தவர்கள் எல்லாரும் ஹால் கண்ணாடி வழியாக அப்பா இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, பஸ் ஸ்டாண்டு பக்கம் போய்ப் புரோட்டா தின்றுவிட்டு, அதே வேனில் ஊர் திரும்பினார்கள். கோழியை அத்தை மடியில் வைத்துக்கொண்டு போனார்.

குழாய் எடுத்த பிறகு அப்பா முதன்முதலில் கேட்டது, "உர மூட்ட ரெண்டும் நனஞ்சிருச்சா?"

மார்கழி பாதியில் வீட்டுக்கு வந்தோம். அத்தை அந்தக் கோழியை அறுக்க விடவில்லை. கொஞ்ச நாள் எங்களோடேயே தங்கி, அது போட்ட முட்டையைத் தினமும் அவித்து அப்பாவுக்குக் கொடுத்தார். எதற்காக வந்த கோழி என்று தெரியாமல் அப்பாவும் தின்றார். தெரிந்த அன்று, "அப்ப நான் பொணமாப் போயிருந்தா இதுவும் போயிருக்கும். ரெண்டு பேரும் பொழச்சுக்கிட்டோம்" என்றார். பெரியப்பாவைக் கூப்பிட்டு, "அடப்பு மட்டும் இல்லன்னாத் தூக்கிட்டுப் போயிருப்பல்ல?" என்று கேட்டார். "ஆமாண்டா தம்பி, தூக்கிட்டுத்தான் போயிருப்பேன்" என்றார் பெரியப்பா. இரண்டு பேரும் சிரித்தார்கள்.

ஆனால் கையெழுத்து விஷயத்தை அப்பாவிடம் யாரும் சொல்லவில்லை. பெரியப்பா பழியைத் தன் மேலேயே போட்டுக்கொண்டார். எனக்குத்தான் நெஞ்சில் கிடந்து அறுத்தது. அப்பா என்னைப் பார்த்துச் சிரிக்கும்போதெல்லாம், அந்தத் தாளில் எழுதிய இரண்டு எழுத்து கண்ணில் வந்து நிற்கும்.

பங்குனியில், முந்திரி விழ ஆரம்பித்த சமயம், காட்டில் கொட்டை பொறுக்கிக்கொண்டிருந்தபோது சொல்லிவிட்டேன். "அப்பா, நான் பாதிக் கையெழுத்துப் போட்டுட்டேம்ப்பா. பெரியப்பா கட்டாயப்படுத்தல. எனக்கே போதும்னு இருந்துச்சு."

அப்பா கையிலிருந்த பழத்தைத் திருகிக் கொட்டையைத் தனியாக எடுத்தார்.

"எத்தன எழுத்துப் போட்ட?"

"ரெண்டு."

"நாலெழுத்துப் பேர்ல ரெண்டு எழுதறதுக்குள்ள காலண்டர் பூராப் படிச்சிட்டியா? வாத்தியாரு ஒன்னய அடிச்சது தப்பே இல்ல." சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமி முடித்து மறுபடியும் சிரித்தார். பிறகு என் கறுத்த கையைப் பிடித்துக்கொண்டார். "நான்னா கைநாட்டு, பாப்பா. ஒரு நொடியில வச்சிட்டு வந்துருப்பேன். நல்லவேள, ஒன்ன எட்டாவது வரைக்கும் அனுப்புனேன்."

அதற்குப் பிறகு அவர் அதைப் பற்றிப் பேசவே இல்லை. புரட்டாசியில் ஒருநாள் காலை விக்கிரமங்கலத்துக்கு அத்தையைப் பார்க்கக் கிளம்பியவர், பஸ்ஸுக்குக் காத்திருந்த இடத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அவ்வளவுதான். நான் ஓடிப் போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது. பிழைப்பாரா மாட்டாரா என்று யாரிடமும் கேட்க நேரம் இல்லை.

அப்பா இத்தனை நாள்தான் இருப்பார் என்று சொன்ன யாருடைய வாக்கும் பலிக்கவில்லை. ஆனால் கூடுதலாகக் கிடைத்த ஒன்பது மாதத்துக்குள் நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன், அவரும் இருமி இருமிச் சிரித்துவிட்டார், இப்போது அழுகை தாங்காமல் வரும்போது நான் பிடித்துக்கொள்வது அந்தச் சிரிப்பைத்தான்.